என் மறதிக்கு உன் பெயரில் ஒரு துஆ

மச்சான்,

வெட்கத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஒன்று சொல்கிறேன். இன்று மதியம் கடைத்தெருவில், அத்தனை பேர் பார்க்க, ஒரு கட்டு கொத்தமல்லியைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்கு இன்று நம் தெரு முறை. சாமான் வாங்கும் பொறுப்பு என் தலையில். இஞ்சி வாங்கினேன், பூண்டு வாங்கினேன், புதினா வாங்கினேன். அடுத்து வாங்க வேண்டியதைக் கையிலும் எடுத்துவிட்டேன். பெயர் மட்டும் வரவில்லை. விலையைக் கேட்டுக் காசைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்திருக்கலாம். நம் வாய் சும்மா இருக்குமா? "ஆத்தா, இதுக்குப் பேரு என்ன?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

காய்கறிக்கார அம்மா பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டது. "ஏ, இங்கிட்டு வாடி. பாய் ஆரம்பிச்சிட்டாரு."

"இல்ல ஆத்தா, நெசமாவே வரல. நாக்கு நுனியில நிக்கிது."

"நோம்பு வச்சிக்கிட்டே இம்புட்டுப் பேசுறாரு. வயித்துல ஏதும் இருந்தா எம்புட்டுப் பேசுவாரு."

மணத்தைப் பிடித்தால் பெயரும் கூடவே வரும் என்று கையிலிருந்த கட்டை மூக்கருகே கொண்டுபோனேன். கருகின ஒயர் நாற்றம் அடித்தது. கொரோனா வந்து போய் இத்தனை வருஷம் ஆகியும் கொத்தமல்லி என் மூக்குக்கு அந்த நாற்றத்தைத்தான் தருகிறது. கண்ணில் நீர் கட்டியது, பிறகு நிற்காமல் வழிந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். "அழுவுற மாதிரியே செய்யிறாரு பாரு" என்று மெச்சி, ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பரிசாகச் சும்மா கொடுத்தது அந்த அம்மா.

இதுவே நீயாக இருந்திருந்தால்? கடைக்குள்ளிருந்து ஸ்டூல் வந்திருக்கும். முகத்தில் தண்ணீர் தெளித்திருப்பார்கள். ஒருவன் ஆட்டோ பிடிக்க ஓடியிருப்பான், இன்னொருவன் உன் தங்கைக்குப் போன் போட்டிருப்பான். நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிகிறது. நீ மவுத்தாகி, மண்ணுக்குள் போய், ஒரு வருஷம் முடிந்துவிட்டது. மற்றதெல்லாம் எனக்குத் தேய்ந்துகொண்டே வருகிறது. உன் மேல் இருக்கிற பொறாமை மட்டும் எந்தப் பின்விளைவும் இல்லாமல் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பிறகு உன் தங்கையை நான் கட்டினேன். நீ குவைத்துக்கு வண்டி ஓட்டப் போனாய். நான் இங்கேயே ரெடிமேட் கடை வைத்து, சாயங்காலங்களில் கல்யாண மண்டபத்திலும் பள்ளி ஆண்டு விழாவிலும் மைக்கைப் பிடித்து ஊரைச் சிரிக்கவைக்கும் பிழைப்பையும் சேர்த்துக்கொண்டேன். மேடையில் உன்னைத்தான் அதிகம் விற்றேன். "எம் மச்சானோட பாஸ்போர்ட் போட்டோவுக்கும் கல்யாணப் போட்டோவுக்கும் சட்டைதான் வித்தியாசம்" என்றால் எந்த ஊரிலும் கூட்டம் சிரித்து விழும். முன்வரிசையில் நீயும் அதே முகத்தோடு உட்கார்ந்திருப்பாய். அந்த முகத்துக்கு ஊரில் எவ்வளவு மதிப்பு. நீ "ஆமா" என்றால் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட மாதிரி. நான் "ஆமா" என்றால் "அப்புறம்?" என்று மிச்ச ஜோக்கைக் கேட்பார்கள்.

நோய் நம் இருவருக்கும் ஒரே வாரத்தில் வந்தது. யார் யாருக்குக் கொடுத்தோம் என்ற வழக்கு உன் தங்கையின் கோர்ட்டில் அப்போதே முடிந்து நான் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது. இரண்டு பேருமே ஆக்ஸிஜன் வரை போகவில்லை. காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது, ரிப்போர்ட்டும் நல்லபடியாக வந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு ஆரம்பித்தது.

தலைக்குள் பனிமூட்டம். பழகின வார்த்தை கூப்பிட்டால் வராது. கடையில் நாற்பதாம் நம்பர் சட்டை எடுக்கத் திரும்புவேன், திரும்பின இடத்தில் எதற்குத் திரும்பினோம் என்று நிற்பேன். தூக்கம் ஓடிப்போனது. சும்மா கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது, யாரோ ஓடிவந்து கெட்ட செய்தி சொல்லப்போகிற மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒருநாள் சின்னப் பிள்ளை கவுன் மடிக்கும்போது காரணமே இல்லாமல் அழுகை வந்தது. சொல்லிப் பார்த்தேன். ஊர் சிரித்தது. வீட்டில் சொன்னேன்; உன் தங்கை மாவாட்டிக்கொண்டே, "வேலைன்னா மட்டும் மறக்குதுல்ல. பிரியாணி போட்ட வீட்டுக்கு என்னைக்காச்சும் வழி மறந்திருக்கா?" என்றாள்.

குடுமியான்மலைப் பக்கம் அந்தப் பள்ளி ஆண்டு விழா நினைவிருக்கிறதா? மாமியார் ஜோக்கின் நடுவே எனக்கு வார்த்தை நின்றுபோனது. மாமியார் கதவைத் திறந்துவிட்டாள், உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினேன். சட்டை முதுகில் ஒட்டியது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் முழிக்க முழிக்க அதுவே ஜோக் ஆனது. ஹெட்மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வருஷத்துக்கும் அப்போதே என்னைப் பேசி முடித்தார். சிரிக்காதவன் நீ ஒருத்தன்தான். நீ என்றைக்குமே சிரிக்க மாட்டாய் என்பதால் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. திரும்பி வரும்போது பைக்கில் கேட்டாய்.

"வார்த்த எங்கடா போச்சு?"

"டீ குடிக்கப் போயிருக்கு மச்சான்."

பிறகு நீ ஏதோ சொன்னாய். காற்றில் எனக்குக் கேட்கவில்லை. நானும் திருப்பிக் கேட்கவில்லை.

அதற்கடுத்த நோன்பில்தான் அந்தக் கஞ்சி.

உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்லிப் பார்க்கிறேன். சொல்லிப் பார்த்தால்தான் எனக்கு மிச்சமிருப்பது தெரியும். காய்ச்சுகிறவன் நோன்பாளி, உப்புப் பார்க்க முடியாது. நுனி நாக்கில் வைத்துத் துப்பிவிடலாம், நோன்பு போகாது என்று தொழவைக்கிற ஹஜ்ரத் எத்தனையோ தடவை சொல்லியும் நம்மூரில் ஒருவனும் துணிய மாட்டான். அதனால் பள்ளிவாசலுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் மாரிமுத்துதான் காலங்காலமாக நம் நாக்கு. சாயங்காலம் அசர் தொழுகைக்கு முன்னால் வருவான், ஒரு கரண்டி ஊதி ஊதிக் குடிப்பான், "கச்சிதம் பாய்" என்பான், போவான்.

அன்று கஞ்சி காய்ச்சுகிற பாய் வரவில்லை. அடுப்பு உன் பொறுப்பிலும் என் பொறுப்பிலும் இருந்தது. மாரிமுத்துவுக்குப் பொன்னமராவதியில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து சீக்கிரமே குடித்துப் பார்த்து "கச்சிதம்" சொல்லிவிட்டுத் திருமயம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். அதன் பிறகு, உப்பு போட்டது மறந்துபோய், சட்டிக்குள் மறுபடியும் உப்பு விழுந்தது. போட்டது நான்தான். கல்லுப்பு உள்ளங்கையில் நறநறத்தது எனக்கு இப்போதும் தெரிகிறது. அந்த நாளின் மற்ற எதுவும் தெரியவில்லை. பெருநாள் சரக்கு வந்த நாளும் அதுதான். மூட்டைகள் எப்படிக் கடைக்கு வந்து சேர்ந்தன என்றுகூட நினைவில்லை. அவ்வளவு மூட்டம்.

நோன்பு திறக்கிற மக்ரிப் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம், ஒரு மடக்குத் தண்ணீர், அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் கோப்பையைத் தூக்கினார்கள். பாதிப் பேர் முகத்தைச் சுளித்தார்கள். "யாருப்பா இது, கோட்டைப்பட்டினம் கடல்ல மொண்டுக்கிட்டு வந்தது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். எல்லாத் தலையும் யார் பக்கம் திரும்பும்? என் பக்கம்தான்.

ஜமாஅத் தலைவர் கோப்பையைக் கீழே வைத்தார். "விளையாட்டுக்கு ஒரு அளவில்லையாப்பா ஒனக்கு? ஊரே பட்டினி கெடந்து வாய் வைக்கிற கஞ்சியிலயா?"

விளையாட்டு இல்லை, என் தலைக்குள் என்னவோ கெட்டுப்போயிருக்கிறது, யாராவது நம்புங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். உப்பு என்ற சொல் வரவில்லை. பாங்கு சொல்கிற மோதினார்கூடச் சிரித்துவிட்டார்.

அப்போது நீ எழுந்தாய். "அவன விடுங்க. அவன் அங்கிட்டு இல்லவே இல்ல. நாந்தான் போட்டேன். போட்டது மறந்துபோயி மறுபடியும் போட்டுட்டேன். கொரோனாவுக்கப்புறம் எனக்கு அப்பப்ப இப்பிடி ஆவுது."

என்ன ஒரு பொய் என்று அசந்துபோனேன். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. தலைவர் எழுந்து வந்து உன் தோளைப் பிடித்தார். "ஏம்பா, இத்தன நாளா மனசுக்குள்ளயே வச்சிக்கிட்டு இருந்தியா?" என்று கேட்டு உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். தொழுகை முடிந்ததும் ஹஜ்ரத் உன் பெயரைச் சொல்லி துஆ கேட்டார்: இவருடைய மறதியைப் போக்கு, அறிவைத் தெளிவாக்கு, நெஞ்சில் அமைதியைக் கொடு. பள்ளிவாசல் முழுக்க ஆமீன். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆமீன் சொன்னேன். எனக்கு வரவேண்டிய துஆ, மச்சான். என் தலை, என் மூட்டம், என் நெஞ்சுப் படபடப்பு. விலாசம் மட்டும் உன்னுடையது.

மறுநாளிலிருந்து உன் வீட்டுக்குக் கேரியர் வர ஆரம்பித்தது. ஆட்டுக்கால் சூப், கருஞ்சீரக எண்ணெய், தேன், ஊறவைத்த பாதாம். உன் தங்கை, என்னைக் கட்டிக்கொண்ட அதே புண்ணியவதி, "அண்ணனுக்கு உண்மையாவே மறதிங்க" என்று சொல்லி அழுதாள். நான் தினமும் நோன்பு திறந்ததும் உன்னைப் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டு வந்து, அந்த சூப்பில் பாதியைக் குடித்தேன். என் மருந்து என்ற உரிமைதான்.

பெருநாளோடு நிறுத்துவாய் என்று பார்த்தேன். நீ நிறுத்தவில்லை. தெருவில் வருகிறவர் பெயரை மறந்தாய். டீ கிளாஸைப் பிடித்தால் கை லேசாக நடுங்கியது. கறிக்குழம்பு மணமே தெரியவில்லை என்றாய். எனக்கு ஆச்சரியம். முப்பது வருஷம் மேடையில் கிடந்த எனக்கு வராத நடிப்பு இவனுக்கு எங்கிருந்து வந்தது? அதிலும் நான் சொல்லாத அறிகுறிகளையெல்லாம் சேர்த்துக்கொண்டாயே, அந்த இடத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதுக்கோட்டைக்கு டாக்டரம்மாவிடம் போனோமே, துணைக்கு என்று என்னைக் கூட்டிக்கொண்டு. சின்ன வயசு. எவ்வளவு பொறுமை. உன்னைக் கடிகாரம் வரையச் சொன்னார். சில வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். நீ தடவித் தடவி மூன்று சொன்னாய். பின்னால் உட்கார்ந்து நானும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். சைக்கிள் மட்டும்தான் வந்தது. இவன் மிச்ச வார்த்தைகளை வேண்டுமென்றே விட்டிருக்கிறான், தொழில் தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டேன்.

"இது பொய்யும் இல்ல, மனப்பிரமையும் இல்ல," என்றார் டாக்டரம்மா உன்னிடம். "நெறைய பேருக்கு இருக்கு, வெளிய சொல்றதில்ல. கொஞ்சம் கொஞ்சமாத்தான் தெளியும். தூக்கத்த விட்டுராதீங்க. ஒரு நேரத்துல ஒரு வேலை மட்டும் பாருங்க. மறந்தா வெக்கப்படாதீங்க."

அதையெல்லாம் எனக்குச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே காலில் விழுந்திருப்பேன்.

நீ சொன்னாய், "இவனையும் பாருங்கம்மா. என்னையவிட ஜாஸ்தி."

அவர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்ன சார் பண்ணுது?"

இத்தனை நாள் காத்திருந்த கேள்வி. என் வாய் திறந்தது. "கல்யாணம் ஆனதுலேருந்து இப்பிடித்தாம்மா."

டாக்டரம்மா சிரித்தார், நர்ஸ் சிரித்தார், வாசலில் நின்ற அடுத்த நோயாளிகூடச் சிரித்தார். நீ மருந்துச்சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டாய். பஸ்ஸில் திருமயம் கோட்டை கண்ணில் பட்டது. பிறகு சொன்னாய்.

"எவனும் நம்ப மாட்டேங்கிறான்னு பொலம்புற. நீ எவன்டா நம்ப விட்ட?"

சுருக்கென்றது. அதனால் நானும் விடவில்லை. "நீ மட்டும் என்ன? எனக்காக ஒரு நாள் சொன்ன பொய்யி. அதோட விட்டியா? மருந்துச்சீட்டு வரைக்கும் கொண்டாந்துட்ட."

"நடிக்கத் தெரிஞ்சா குவைத்துல எதுக்குடா வண்டி ஓட்டிக்கிட்டுக் கெடந்தேன்? நெசமாத்தான் எனக்கும் இருக்கு. நம்பாட்டிப் போ."

நான் பஸ் அதிரச் சிரித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நீ ஒரு ஜோக் சொல்லிவிட்டாய் என்று உன் தொடையில் தட்டினேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். எவ்வளவு நேர்த்தி என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அடுத்த நோன்பில் நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். உப்பு போட்ட உடனே, இடது கையில் கட்டியிருக்கும் வாட்சை வலது கைக்கு மாற்றிவிட வேண்டும். "உப்பு போட்டோமா இல்லையான்னு சட்டியப் பாக்காத, கையப் பாரு" என்றாய். நீ அப்படியே செய்தாய். என்னைச் சங்கடப்படுத்தாமல் எனக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் நீயும் கூடச் சேர்ந்து செய்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? என் நோய்க்கு நீ வைத்தியமும் கண்டுபிடித்து, அதற்கும் ஊரில் பாராட்டு வாங்கிக்கொண்டாய்.

போன வருஷம் நோன்புக்குக் கொஞ்சம் முன்னால், கடைத்தெருவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை. உன் ஜனாஸாவை அடக்கம் செய்ய வந்த கூட்டத்தை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன், அதிலும் எரிந்தது. ஆளாளுக்கு உன் உப்புக் கஞ்சியைச் சொல்லி அழுதார்கள். தப்பை அப்படி ஒத்துக்கொள்கிற மனுஷன் உண்டா என்றார்கள். உண்மை தெரிந்தவன் நான் ஒருவன். எனக்காகப் பொய் சொன்ன மனுஷன் என்று சொன்னால் அது இன்னும் பெரிய புகழாகிவிடும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். உன் வீட்டம்மா உன் குவைத்து வாட்சை என்னிடம்தான் கொடுத்தார்.

அதைத்தான் கட்டியிருக்கிறேன், மச்சான். வார் தளர்ந்துவிட்டது, கண்ணாடியில் ஒரு கீறல். உப்புக்கு மட்டுமில்லை, எல்லாவற்றுக்கும் மாற்றுகிறேன். கடையைப் பூட்டினால் வலது கை. மாத்திரை போட்டால் வலது கை. ஊர் இதையும் என் புது சேட்டை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறது. வாட்ச் நீ சொல்லிவிட்டுப்போன வேலையைச் செய்கிறது. அதுவரைக்கும் எனக்குப் போதும்.

இன்று அசருக்கு முன் மாரிமுத்து வந்தான். ஒரு கரண்டி ஊதிக் குடித்து "கச்சிதம் பாய்" என்றான். கொத்தமல்லிக் கதையைக் கேட்டுச் சிரிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்த ஆதரவில் எனக்கு மனசு இளகி, யாரிடமும் சொல்லாததை முதல் முதலாக அவனிடம் சொன்னேன். அந்த உப்புக் கஞ்சிக்குக் காரணம் நான்தான், மச்சான் பழியை ஏற்றுக்கொண்டான், நீ காதுகுத்துக்குக் கிளம்பிப்போன பிறகு இரண்டாவது உப்பை என் கையால் அள்ளிப் போட்டேன் மாரி, என்றேன்.

மாரிமுத்து என்னையும் வலது கை வாட்சையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீங்க எப்பிடிப் பாய் போட்டிருப்பீங்க? அன்னைக்கு அந்த பஸ்ஸுல எங்கூடத்தானே வந்தீங்க. பெருநாள் சரக்கு மூட்டை திருமயத்துல எறங்கி நிக்கிதுன்னு சொன்னீங்க. வழியெல்லாம் எந்தோள்ல சாஞ்சு தூங்கி எச்சி வடிச்சீங்க, கோட்டை வந்ததும் நாந்தான் எழுப்பி எறக்கிவிட்டேன். காதுகுத்துக்குன்னு எடுத்த புதுச்சட்டை. ஒங்க கடையில எடுத்ததுதான்."